பிள்ளை மனசுக்குத் தமிழில் என்ன பேரு?

போன எபிசோட்ல பைக்காரா மின்சாரம் வந்து கோவை மில் ஊரா மாறின கதையைப் பேசினோம். இன்னைக்கும் மில்லு வரும். ஆனா கொஞ்சம் சுத்தித்தான் வரும்.

போன வருஷம் அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டல் ஹாலில் ஒரு கருத்தரங்கு. பிறந்ததிலிருந்து ஆறு வயசு வரைக்கும் குழந்தையின் வளர்ச்சி, குழந்தைகளின் மனநலம், இதுதான் பொருள். குழந்தை நல டாக்டர்கள், உளவியல் ஆலோசகர்கள், ஸ்பீச் தெரபிஸ்ட்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள்னு ஒரு இருநூறு பேர் வந்திருந்தாங்க. எனக்கு வேலை மைக் பிடிக்கிறது. ஒவ்வொருத்தரையும் அறிமுகப்படுத்தணும், நேரம் முடிஞ்சா மணி அடிக்கணும். மணி அடிக்கிறவங்களை யாருக்கும் பிடிக்காது, அது வேற விஷயம்.

ஸ்லைடு எல்லாம் இங்கிலீஷ். பேச்சும் முக்கால்வாசி இங்கிலீஷ். கடைசி ரெண்டு வரிசையில் பதினைஞ்சு அங்கன்வாடிப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தாங்க. காலையிலிருந்து அமைதியா நோட்டில் எழுதிக்கிட்டே இருந்தாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி கேள்வி நேரம். அதுல ஒரு அக்கா எழுந்தாங்க. "ஏனுங் டாக்டர், காலையிலிருந்து அட்டாச்மென்ட், அட்டாச்மென்ட்டுன்னு சொல்றீங்க. இதை நான் எங்க பால்வாடிக்குப் பிள்ளையை விட வர்ற அம்மாங்ககிட்ட என்னன்னு சொல்லட்டுங்?"

ஹாலில் லேசா ஒரு சிரிப்பு. மேடையில் இருந்தவர் யோசிச்சுட்டு, "பாசம்னு சொல்லலாம்" என்றார். அந்த அக்கா உட்காரவே இல்லை. "பாசமில்லாத அம்மா யாருங் இருக்கறாங்க? உன் பிள்ளைக்கு பாசம் பத்தலைன்னு சொன்னா என்னைய அடிக்க வந்துருவாங்கல்லங்?"

நான் மணி அடிச்சேன். சாப்பாட்டு நேரம் ஆயிருச்சு. ஆனா அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகல. இது வெறும் மொழிபெயர்ப்புப் பிரச்சினை இல்லைன்னு தோணுச்சு. ஏன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல இன்னொரு கேள்வி வந்தது: குழந்தையோட மனசைப் பத்தித் தமிழில், அதுவும் இந்தப் பக்கத்தில், யாருமே முன்னாடி பேசலையா?

பேசியிருக்காங்க. நம்ம ஊர்க்காரர் ஒருத்தர், இந்த ஹோட்டல் கட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே.

அவரைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அடையாறுக்குப் போயிட்டு வந்துடலாம். 1939 நவம்பர். மரியா மாண்டிசோரி, அவங்க மகன் மரியோவோட சென்னையில் வந்து இறங்கறாங்க. கூப்பிட்டது பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். நாடு முழுக்க இருந்து ஏறத்தாழ 300 பேர் அந்தப் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தாங்க. இந்திய மண்ணில் சின்னப் பிள்ளைகளைப் பத்தி மட்டுமே பேச இவ்வளவு பேர் கூடினது பெரிய விஷயம். கொஞ்ச மாசத்துக்கு வந்தவங்க பல வருஷம் தங்க வேண்டியதாப் போச்சு. 1940-ல் இத்தாலி போருக்குள்ள வந்ததும் பிரிட்டிஷ் அரசு அவங்களை எதிரி நாட்டவர் கணக்கில் வெச்சு, மரியோவைப் பிடிச்சு முகாமில் அடைச்சது. அந்த அம்மாவோட எழுபதாவது பிறந்தநாளுக்குப் பரிசு மாதிரி மகனைத் திருப்பி அனுப்பினாங்க. அப்புறம் கொடைக்கானலில் சில வருஷம். நம்ம பழனிக்கு மேல இருக்கிற மலைதான். பிள்ளையோட மனசு சுத்தி இருக்கிறதை எல்லாம் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கும்னு அவங்க சொன்ன புத்தகம், இந்தியாவில் பேசின பேச்சுகளிலிருந்து உருவானது. 1949-ல் அச்சானது அடையாறில்.

ஆனா அதுவும் இங்கிலீஷ்தான். அடையாறில் இருந்தவங்களுக்கு அது போதும். பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போதுமா?

இப்ப நம்ம ஆளுக்கு வரலாம். ம.ப. பெரியசாமித் தூரன். 1908-ல், இன்னைக்கு ஈரோடு மாவட்டத்தில் இருக்கிற மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிச்சார். படிக்கும்போதே நண்பர்களோட சேர்ந்து 'பித்தன்'னு ஒரு பத்திரிகை நடத்தினார். பேரைப் பார்த்தா இன்னைக்கு ஒரு இண்டி பேண்டுக்கு வைக்கலாம் போல இருக்கு. ஊருக்குத் திரும்பி கோபிச்செட்டிபாளையம் வைர விழா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு 1934 வாக்கில் கோவைக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்துக்குப் போனார். 1948 வரைக்கும் அங்கேதான்.

இந்த வித்யாலயம் 1930-ல் தி.சு. அவிநாசிலிங்கம் தொடங்கினது. திருப்பூர்க்காரர், வக்கீலுக்குப் படிச்சவர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். விடுதிப் பள்ளி. விடுதிப் பள்ளி வாத்தியார்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. பகல்ல பாடம் நடத்தறதோட வேலை முடியாது. ராத்திரி எந்தப் பையன் அழறான், எவன் சாப்பிடலை, எவன் யார்கிட்டயும் பேசாம மூலையில் நிக்கறான், எல்லாம் கண்ணுல படும். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளோட பதினாலு வருஷம் இருந்த ஒருத்தர் மனசைப் பத்தி எழுத ஆரம்பிச்சதில் ஆச்சரியமில்லைன்னு நான் நினைக்கிறேன்.

தூரனைப் பலருக்குக் கீர்த்தனை எழுதினவராத் தெரியும். கர்நாடக சங்கீத மேடையில் அவர் பாட்டு இல்லாத சீசன் கிடையாது. பாரதி ஆய்வில் இருக்கிறவங்களுக்கு, பழைய சுதேசமித்திரன் தாள்களிலிருந்து பாரதியின் எழுத்தைத் தேடி எடுத்துத் தொகுத்தவராத் தெரியும். ஆனா அவருடைய புத்தகப் பட்டியலில் இன்னொரு வரிசை இருக்கு, அதைப் பத்தி யாரும் அவ்வளவா பேசறதில்லை. 'குழந்தை உள்ளம்', 'குமரப் பருவம்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்', 'மனமும் அதன் விளக்கமும்', 'கருவில் வளரும் குழந்தை', 'பாரம்பரியம்'. தலைப்புகளை மட்டும் வரிசையா படிச்சுப் பாருங்க. வயித்துல இருக்கிறதிலிருந்து வளர் இளம் பருவம் வரைக்கும், பரம்பரைக் குணத்திலிருந்து ஆழ்மனசு வரைக்கும் எல்லாம் இருக்கு. அந்த ஹோட்டல் ஹாலில் ரெண்டு நாள் நடந்த அமர்வுகளோட தலைப்பும் கிட்டத்தட்ட இதேதான். என்ன, அங்க ஒவ்வொண்ணும் இங்கிலீஷ்ல ரெண்டு வரி நீளம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'தாழ்வு மனப்பான்மை'. வியன்னாவில் ஆல்ஃபிரட் அட்லர் பிரபலமாக்கின ஒரு கருத்து அது. இன்னைக்கு டீக்கடையில் நிக்கிற யாரும் யோசிக்காம சொல்ற தமிழ் வார்த்தை. "அவனுக்குத் தாழ்வு மனப்பான்மை ஜாஸ்திப்பா." அகராதியைத் தேட வேண்டியதில்லை. உளவியல்ல இருந்து வந்த வார்த்தைகளில் இவ்வளவு தூரம் தெருவுக்கு இறங்கி வந்தது வேற எதுவும் இருக்கிறதா எனக்குத் தோணலை. ஒரு வார்த்தை தானா அப்படி இறங்காது. யாராவது அந்த வார்த்தையை எடுத்து, முழுப் புத்தகம் எழுதி, வாத்தியார் கையிலயும் அப்பா அம்மா கையிலயும் கொடுக்கணும். தூரன் அதைச் செஞ்சார்.

அவர் எழுதின காலத்தையும் கொஞ்சம் பாருங்க. இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மருத்துவமனை 1937-ல் பம்பாயில் தொடங்குது, இன்னைக்கு டாடா சமூக அறிவியல் கழகம்னு சொல்ற நிறுவனத்தில். பிள்ளைக்கு மனசுல ஏதாவது கோளாறுன்னா போய்ப் பார்க்க ஒரு இடம்னு ஒண்ணு அப்பத்தான் பிறக்குது, அதுவும் ஒரு பெருநகரத்தில். கொங்கு நாட்டுக் கிராமத்தில்? பிள்ளை ராத்திரி அலறி எழுந்தா "பயந்துக்கிச்சு"ன்னு சொல்லி மந்திரிச்சுத் திருநீறு போடுவாங்க. பேச்சு வரலைன்னா கோயிலுக்கு நேர்ந்துக்குவாங்க. இதைக் கேலியா சொல்லலைங்க. அந்த வீடுகளில் பிள்ளையைக் "கண்ணு", "சாமி"ன்னு கூப்பிட்டு மடியில் போட்டுக்கிறதும் சேர்ந்தே நடந்தது. ஆனா மடிக்கும் மந்திரிக்கிறதுக்கும் நடுவுல, விளக்கம்னு ஒண்ணு வேணும்ல? அந்த நடுவுலதான் தூரன் புத்தகங்கள் வந்து நிக்குது.

1946-ல் அவிநாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராகறார். அதே வருஷம் தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவாகுது. தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் வேணும்னு முடிவு. அதுக்குத் தலைமைப் பதிப்பாசிரியரா யாரைக் கூப்பிட்டாங்க? வித்யாலயத்து வாத்தியார் தூரனை. முதல் தொகுதி 1954-ல் வந்தது. பத்தாவது தொகுதி 1968-ல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் எழுதினாங்க. அந்த வேலையை நான் ஒரு மாநாடாத்தான் பார்க்கிறேன். இருபது வருஷம் நடந்த, சாப்பாட்டு இடைவேளை இல்லாத மாநாடு. டாக்டரும் இயற்பியல்காரரும் உளவியல்காரரும் தங்களோட துறையைத் தமிழில் சொல்லியே ஆகணும்னு ஒருத்தர் உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். "இதுக்குத் தமிழ்ல என்னங்?"னு அந்த அங்கன்வாடி அக்கா கேட்ட அதே கேள்வியை.

அதோட முடிச்சிருக்கலாம். 1968-லேயே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கிட்டார். அதுவும் பத்துத் தொகுதி, 1976 வரைக்கும். பெரியவங்க களஞ்சியத்தை முடிச்ச கையோட, அறுபது வயசில், பிள்ளைகளுக்காக இன்னொரு பத்து. அந்த வருஷம் அவருக்குப் பத்மபூஷண் கிடைச்சது. 1987-ல் இறந்தார். ரெண்டு களஞ்சியங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமா இருக்கு. போன் இருந்தாப் போதும்.

அவிநாசிலிங்கம் இன்னொண்ணும் பண்ணினார். 1957-ல் கோவையில் பெண்களுக்கு மனையியல் கல்லூரி. அதை வளர்த்தெடுத்தவர் ராஜம்மாள் தேவதாஸ். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிட்டு வந்தவங்க. 1988-ல் அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானப்போ துணைவேந்தர். 1992-ல் பத்மஸ்ரீ. மனையியலைச் "சமையல் படிப்பு"ன்னு கிண்டல் பண்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. எங்க காலேஜ் பசங்களும் பண்ணிருக்கோம், ஒத்துக்கறேன். ஆனா குழந்தை வளர்ச்சின்னு ஒரு பாடத்தைப் பாடத்திட்டத்தில் வெச்சு, பெண்களை உட்கார வெச்சு, பிள்ளை எப்ப தவழும், எப்ப பேசும், ஏன் அடம் பிடிக்கும்னு கவனிச்சு எழுதச் சொன்ன படிப்பு அதுதான். அந்த அம்மாவோட சொந்தத் துறை ஊட்டச்சத்து. 1964-லிருந்து ஊட்டச்சத்துக்குன்னே ஒரு ஆய்விதழ் இந்தக் கோவைக் கல்லூரியிலிருந்து வருது.

வயிறு முதல்ல, மனசு அப்புறம். அந்தத் தலைமுறையோட கணக்கு அது. தப்பான கணக்குன்னு சொல்ல முடியாது. 1975 அக்டோபர் 2-ல் ஐ.சி.டி.எஸ் 33 வட்டாரங்களில் தொடங்கினப்போ, அதுக்கு அடித்தளமா இருந்த 1972 அறிக்கையைத் தந்த குழுவுக்குத் தலைமை மீனா சுவாமிநாதன். அந்தத் திட்டத்தில் சாப்பாடு, தடுப்பூசியோட ஆரம்பக் கல்வியும் சேர்ந்தே இருந்தது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர் சத்துணவைத் தொடங்கினப்போ கிராமத்தில் ரெண்டு வயசுப் பிள்ளையும் அதில் வந்தது. இன்னைக்குத் தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடி. ஆனா அம்மாக்கள் வாயில் அது எதுக்குன்னு கேட்டா "சத்துமாவு குடுப்பாங்க, முட்டை குடுப்பாங்க"ன்னுதான் வரும். பால்வாடி டீச்சர் பிள்ளையோட விளையாடறாங்களே, அதுவும் சாப்பாடு மாதிரி ஒண்ணுதான்னு சொல்ல நம்மகிட்ட வார்த்தை இல்லை.

ஜமைக்காவில் ஒரு ஆய்வு. கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில், வயசுக்கேத்த வளர்த்தி இல்லாத 129 பிள்ளைகள். சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒரு முறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய் அம்மாவோட உட்கார்ந்து பிள்ளையோட விளையாட்டு, சிலருக்கு ரெண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. விளையாட்டுச் சாமான் எல்லாம் வீட்டில் கிடைக்கிற பொருளில் செஞ்சது. ரெண்டு வருஷம். 1991-ல் சாலி கிரந்தம் மெக்ரிகர் குழு எழுதின முடிவு, சத்துணவும் விளையாட்டும் ரெண்டுமே வளர்ச்சியைத் தூக்கி விடுதுன்னு. இருபது வருஷம் கழிச்சுப் பார்த்தா, அந்த விளையாட்டுக் குழுவில் இருந்தவங்க மத்தவங்களைவிட சுமார் 25 சதவீதம் அதிகம் சம்பாதிக்கறாங்க. இதைச் செஞ்சது டாக்டர்கள் இல்லை. நம்ம பால்வாடி அக்கா மாதிரி ஆட்கள்.

சரி, மில்லுக்கு வருவோம். இதைப் பேசத்தான் இந்த எபிசோடே.

எங்கம்மா ஒரு நூல் மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்தாங்க. நான் பிறந்தது தொண்ணூறுகளில். 1948 தொழிற்சாலைச் சட்டம், 48-ஆம் பிரிவு, என்ன சொல்லுச்சுன்னா: 50 பெண்களுக்கு மேல வேலை செய்யற இடத்தில் ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு ஒரு அறை வேணும். வெளிச்சம், காத்து, சுத்தம் இருக்கணும். பிள்ளையைப் பார்த்துக்கப் பயிற்சி பெற்ற பெண் இருக்கணும். 1976-ல் அந்த 50 வந்து 30 ஆச்சு. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வால்பாறை மாதிரி எஸ்டேட்டுகளுக்கும் இதையே சொல்லுச்சு. இலங்கை மலையகத் தோட்டங்களில் இந்த இடத்துக்குப் பேரே 'பிள்ளை மடுவம்'. எவ்வளவு அழகான பேரு பாருங்க. நம்ம மில்லுகளில் 'கிரீச்'.

எங்கம்மா மில்லில் கிரீச் இருந்தது. கதவுக்கு மேல போர்டும் இருந்தது. உள்ள கழிவுப் பஞ்சு மூட்டை அடுக்கி வெச்சிருந்தாங்க. ஆய்வுக்கு அதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும் மூட்டை வெளிய போகும், ரெண்டு தொட்டில் உள்ள வரும். அம்மா அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க. அதனால எனக்கு ஆறு மாசம் இருக்கும்போது என்னைக் கோபி பக்கம் அம்முச்சி வீட்டில் விட்டுட்டாங்க. சனிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஏறி வருவாங்க, ஞாயித்துக்கிழமை பொழுதோட கிளம்பிருவாங்க. மூணு வயசு வரைக்கும் இப்படி. அம்முச்சிதான் தூரி கட்டி ஆட்டினது, சோறு ஊட்டினது, எல்லாம். அம்மா வந்தா நான் போக மாட்டேனாம். அம்முச்சி சேலையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேனாம்.

கருத்தரங்கு முடிஞ்சு வீட்டுக்கு வந்து, ஒரு ஸ்லைடைப் பத்தி அம்மாகிட்டச் சொன்னேன். முதல் ரெண்டு மூணு வருஷத்தில் அம்மாவை விட்டுப் பிரிஞ்ச பிள்ளைக்கு மூணு கட்டம் வரும்னு போட்டிருந்தாங்க. முதல்ல அழுது எதிர்க்கும். அப்புறம் நம்பிக்கை விட்டுப்போய் அடங்கிரும். கடைசியில, அம்மா திரும்பி வந்தாலும் கண்டுக்காது. நான் சும்மா ஒரு தகவலாத்தான் சொன்னேன். அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. கை நின்னுருச்சு. "அப்ப நான் தப்புப் பண்ணிட்டனா கண்ணு?"

இதைத்தான் அந்த அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க. அடிக்க வந்துருவாங்கன்னு. எங்கம்மா அடிக்க வரலை. அது இன்னும் மோசமா இருந்தது.

அன்னைக்கு ராத்திரி அந்த ஸ்லைடோட கதையைத் தேடினேன். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ஒருத்தர். 1952-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். லாரான்னு ரெண்டு வயசுப் பிள்ளை, ஒரு சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில். அன்னைக்கு இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பெத்தவங்க கூட இருக்க முடியாது, பார்க்க வர்றதுக்கும் கட்டுப்பாடு. பிள்ளை அழாம அடக்கிக்கிட்டு இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா வாடும். இந்தப் படத்தை ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் கூட்டத்தில் போட்டார். கூடியிருந்த டாக்டர்களும் நர்சுகளும் கொதிச்சுட்டாங்க. எங்க வார்டில் பிள்ளைங்க சந்தோஷமா இருக்கு, இது அபாண்டம்னு. துறை வல்லுநர்கள் கூடின ஒரு கூட்டம், கண்ணு முன்னாடி ஓடற படத்தை நம்ப மறுத்தது. 1959-ல் பிளாட் குழு அறிக்கைக்கு அப்புறம்தான் பெத்தவங்களை உள்ள விடலாம்ங்கிறது அரசாங்கப் பரிந்துரையாச்சு. நம்ம ஊர் பெரியாஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்திருக்கிற ஆத்தாக்களை நினைச்சுப் பார்த்தேன். அவங்களை வெளிய அனுப்பறதுக்குத்தான் நம்ம வாட்ச்மேன்கள் எழுபது வருஷமா போராடறாங்க.

ராபர்ட்சன் கூட வேலை பார்த்தவர் ஜான் போல்பி. 1951-ல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார், போரில் வீடிழந்த பிள்ளைகளைப் பத்தி. அட்டாச்மென்ட் பேச்சுக்கெல்லாம் வேர் அங்கதான். அந்த அறிக்கையை எடுத்து, "பார்த்தியா, பொம்பளைங்க வேலைக்குப் போனா பிள்ளை கெட்டுரும்"னு பல பேர் பேசினாங்க. ஆனா போல்பி எழுதினதில் அம்மான்னு சொல்ற இடத்தில், "அல்லது அம்மாவுக்குப் பதிலா நிரந்தரமா இருக்கிற ஒருவர்"னும் இருக்கு. 1962-ல் அதே நிறுவனம் இந்தக் கருத்தைத் திரும்பப் பரிசீலிச்சு இன்னொரு தொகுப்பு வெளியிட்டது. பிரிவு எல்லாம் ஒரே மாதிரி இல்லை, பிள்ளை யார்கிட்ட போய்ச் சேருதுங்கிறது முக்கியம்ங்கிற பக்கம் பேச்சு நகர்ந்தது. ஆட்டிசத்துக்கு அம்மாவோட குளிர்ந்த மனசுதான் காரணம்னு ஐம்பதுகளில் பெரிய பெரிய ஆட்கள் சொன்னாங்க. 1964-ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் புத்தகம் அதை உடைச்சது. அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. ஆனா இன்னைக்கும் திருப்பூரிலோ ஈரோட்டிலோ பேச்சு வராத பிள்ளையோட போற அம்மாகிட்ட முதல் கேள்வி, "நீ வேலைக்குப் போறியா?"

ஒண்ணு சொல்லணும். இந்தப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு அம்முச்சி இருந்ததுன்னு நான் சொல்ல வரலை. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்குச்சு. பெண் குழந்தையைக் கொல்லாம அரசுத் தொட்டிலில் போட்டுட்டுப் போங்கன்னு கேட்க வேண்டிய நிலைமை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிள்ளைகள் வேலை பார்த்த காலம் நம்ம அண்ணன்மாருக்கு ஞாபகம் இருக்கும். "கண்ணு", "சாமி"ன்னு கூப்பிட்ட அதே ஊரு இது. பாசத்தை மட்டும் நம்பி உட்கார முடியாதுன்னுதான் சட்டமும் அங்கன்வாடியும் கருத்தரங்கும் வேணும். ஆனா கிரீச்சுக்குள்ள பஞ்சு மூட்டை வெச்சவங்களை விட்டுட்டு எங்கம்மாகிட்ட மட்டும் கணக்குக் கேட்கிற விஞ்ஞானத்தை என்னால் ஏத்துக்க முடியலை. அந்த ஹாலில் ரெண்டு நாளில் கிரீச்சுங்கிற வார்த்தையை ஒருத்தர்கூடச் சொல்லலை. நான்தான் மைக் பிடிச்சிருந்தேன், நானும் சொல்லலை.

அடுத்த நாள் காலையில் அம்மாகிட்ட உட்கார்ந்து இதெல்லாம் சொன்னேன். லாரா, போல்பி, 1962 எல்லாம். அம்மா பாதியில் நிறுத்தினாங்க. "அதெல்லாம் இருக்கட்டும். நீ அம்முச்சிக்கு ஒட்டிக்கிட்ட. அது போதும்னு அந்த டாக்டரு சொல்றாரா இல்லையா?" சொல்றார்மான்னேன். "அப்பறம் என்ன"ன்னு எழுந்து போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு சமையல்கட்டிலிருந்து, "ஆனா அந்த ரூமைத் தொறந்து விட்டிருக்கலாம்"னு ஒரு குரல்.

ஒட்டுதல். அட்டாச்மென்ட்டுக்கு எங்கம்மா வார்த்தை அதுதான். ஒட்டிக்கிறது. பிள்ளை யார்கிட்ட ஒட்டுது, எப்ப ஒட்டமாட்டேங்குது, ஒட்டின ஆளை எடுத்துட்டா என்ன ஆகும். "உன் பிள்ளை யார்கிட்ட ஒட்டுதலா இருக்கும்?"னு ஒரு அம்மாகிட்டக் கேட்டா, அடிக்க வர மாட்டாங்க. யோசிச்சு, பதில் சொல்லுவாங்க.

அந்த அங்கன்வாடி அக்கா நம்பரைக் கருத்தரங்கு ஏற்பாட்டாளர்கிட்டக் கேட்டு வாங்கினேன். வார்த்தையை அனுப்பினேன். அதோட, நம்ம தூரனோட குழந்தைகள் கலைக்களஞ்சியத்துக்கு இணையத்தில் இருக்கிற லிங்க்கும். ரெண்டு நாள் பதிலே இல்லை. மூணாவது நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ், பின்னாடி பிள்ளைங்க சத்தம்: "ஒட்டுதலுங்கிறது சரியாத்தானுங் இருக்குது, போன வாரம் மீட்டிங்ல சொல்லிப் பார்த்தேன். அந்தப் புஸ்தகம் போன்ல எழுத்துப் பொடியாத் தெரியுதுங்க. கொஞ்சம் பெருசாப் பிரிண்ட் போட்டுக் குடுத்தா ஆகும். கலர்லங்."